கமிஷன் யார் தலையில்?

1996-ஆம் ஆண்டின் தொடக்கம். கலிஃபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்ற 28 வயது மென்பொருள்காரரின் முகவரிக்குத் தினமும் தபால் உறைகள் வந்து குவிந்தன. சிலவற்றில் காசோலை, சிலவற்றில் மடித்த ஒரு டாலர் நோட்டு. இன்னும் சிலர் சில்லறைக் காசுகளை அட்டையில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்களில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டி வசூல் செய்யவும் இல்லை. முந்தைய செப்டம்பரில் பொழுதுபோக்காக அவர் தொடங்கிய 'ஆக்‌ஷன்வெப்' என்ற ஏலத் தளத்தில் பொருள் விற்றவர்கள், அவருக்குச் சேர வேண்டிய கமிஷனைத் தாங்களே கணக்குப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை தளம் இலவசம்தான். கூட்டம் சேரச் சேர, இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் விழித்துக்கொண்டு, மாதம் 30 டாலராக இருந்த கட்டணத்தை 250 டாலராக உயர்த்தியது. கைக்காசு போட்டு நடத்த மனமில்லாத ஒமிட்யார், 25 டாலருக்குள் விற்றால் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 2.5 சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்தார். முதல் மாத வசூலே அந்த 250 டாலரைத் தாண்டியது. விரைவில் உறைகளைப் பிரித்துப் பணத்தை எண்ணவே சம்பளத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார்.

1997-இல் தளத்தின் பெயர் ஈபே ஆனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 18 டாலருக்கு விற்ற பங்கு, அன்று மாலையே 47 டாலரைத் தொட்டது. இணைப்புக் கட்டணத்தைச் சமாளிக்க வைத்த கமிஷன், உலகமே பொறாமைப்படும் வருமானமாகிவிட்டது. சரக்கு வாங்கி அடுக்க வேண்டியதில்லை, கிடங்கு வேண்டாம், லாரி வேண்டாம். விற்பவரும் வாங்குபவரும் சந்தித்துக்கொள்ளும் இடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்தது: 'நாம் இதைவிடக் குறைவாக வாங்கினால்?'

யாஹூ கொஞ்சம் குறைக்கவில்லை, ஒரேயடியாக இலவசம் என்றது. 1998 செப்டம்பரில், ஈபே பங்குச் சந்தைக்கு வந்த அதே மாதத்தில், யாஹூவின் ஏலத் தளம் திறந்தது. பொருளைப் பட்டியலிடக் காசில்லை, விற்றாலும் கமிஷனில்லை. அன்றைக்கு இணையத்தில் நுழைகிறவர்கள் முதலில் எட்டிப் பார்க்கும் வாசல்களில் ஒன்று யாஹூ. விளம்பர வருமானத்திலேயே தளத்தை நடத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1999 மார்ச்சில் அமேசானும் ஏலத்தில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், டெல், லைகாஸ், எக்ஸைட் எல்லாம் ஃபேர்மார்க்கெட் என்ற ஒரே வலையமைப்பின் கீழ் கைகோத்தன. பெரிய தலைகள் அத்தனையும் ஒரு பக்கம், பழைய பொம்மையும் உடைந்த கேமராவும் விற்கும் ஈபே மறுபக்கம்.

ஜெயித்தது ஈபே.

எப்படி என்பதுதான் விஷயம். இலவசத் தளத்தில் சரக்குக்குக் குறைவே இல்லை. பட்டியலிடக் காசு கேட்கவில்லை என்றால் விற்க மனமில்லாதவரும் பட்டியலிடுவார். பத்து டாலர் பெறாத பொருளுக்கு நாற்பது டாலர் ஆரம்ப விலை வைத்துவிட்டு, எவனாவது மாட்டினால் லாபம் என்று காத்திருப்பார். வாங்க வருகிறவர் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். யாஹூவில் விற்பவர்கள் ஈ ஓட்டினார்கள். 2001 ஜனவரியில் யாஹூ பட்டியல் கட்டணம் விதித்ததும், குவிந்து கிடந்த பட்டியலில் பெரும்பகுதி காணாமல் போனது. ஈபே வாங்கிவந்த சில்லறைப் பட்டியல் கட்டணம் வெறும் வருமானம் மட்டுமல்ல, குப்பையை வாசலிலேயே நிறுத்தும் சல்லடை என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரே நாணயம், இரண்டு விலை

இதை வாய்ப்பேச்சாக விடாமல் சோதித்தே பார்த்துவிட்டார்கள் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் பிரௌனும் ஜான் மார்கனும். ஒரே மாதிரியான சேகரிப்பு நாணயங்களை ஈபேயிலும் யாஹூவிலும் ஏலத்துக்கு விட்டார்கள். நாணயம் ஒன்றுதான், தளம் மட்டும் வேறு. 2009-இல் வெளியான அவர்களது ஆய்வுப்படி, ஈபேயில் கிடைத்த விலை யாஹூவில் கிடைத்ததைவிட 20 முதல் 70 சதவீதம் அதிகம். ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த ஆட்களும் ஈபேயில்தான் அதிகம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இலவசத் தளத்தில் 100 டாலருக்குப் போகும் நாணயம், கூட்டம் உள்ள தளத்தில் 120-க்குப் போகிறது. அங்கே கமிஷன், பட்டியல் கட்டணம், பணம் வாங்கும் கட்டணம் என்று 15 டாலர் பிடித்தாலும் கைக்கு 105 வரும். இலவசத்தில் விற்றவர் 5 டாலர் இழந்துவிட்டு, 15 டாலர் மிச்சம் பிடித்ததாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்.

நம் ஊர் வாரச்சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுங்கம் வசூலிக்கும் குத்தகைதாரரை வாயாரத் திட்டுவார், ரசீதைக் கசக்கி மடியில் செருகுவார், அடுத்த வாரமும் அதே சந்தைக்குத்தான் வருவார். பக்கத்து ஊரில் சுங்கமில்லாச் சந்தை கூட்டினாலும், வியாபாரிகள் அங்கே வராதவரை மாட்டை ஓட்டிப்போய்ப் பிரயோசனமில்லை.

கூட்டம் ஒன்று. இன்னொன்று நல்ல பெயர். 1996 பிப்ரவரியிலேயே ஒமிட்யார், வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் துணிச்சலை அந்த மதிப்பெண்தான் கொடுத்தது. அதன் விலை என்ன? பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் உள்ளிட்டோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஈபேயில் நீண்ட நாளாகப் பழைய அஞ்சலட்டைகள் விற்றுவந்த ஒருவரைப் பிடித்தார்கள். ஒரே தரமான அட்டைகளில் ஒரு பாதியை அவருடைய சொந்தக் கணக்கிலும், மறு பாதியைப் புதிதாகத் தொடங்கிய, பெயரெடுக்காத கணக்குகளிலும் விற்கச் சொன்னார்கள். பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஈபேயை விட்டு வேறு தளத்துக்குப் போகும் விற்பனையாளர் இந்த 8 சதவீதத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கமிஷனில் மிச்சமாவது அங்கேயே போய்விடும்.

அமேசானுக்கு இது புரிந்திருந்தது. ஈபேயில் சம்பாதித்த மதிப்பெண்ணை எங்கள் தளத்துக்கு அப்படியே கொண்டுவரலாம் என்று தொடக்கத்தில் விற்பனையாளர்களை அழைத்தது. ஈபே கடுமையாக ஆட்சேபிக்கவே, அமேசான் பின்வாங்கியது. வருஷக்கணக்கில் பொட்டலம் கட்டி, தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, கோபக்கார வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி ஒருவர் சேர்த்த பெயர், சட்டென்று தளத்தின் சொத்தாகிவிட்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது கட்டண உயர்வுகள் அல்ல, இந்த இடம்தான்.

இன்னொரு வழியையும் ஒரு சிறு நிறுவனம் முயன்றது. பிடர்ஸ் எட்ஜ் என்ற அந்தத் தளம், நூற்றுக்கும் மேற்பட்ட ஏலத் தளங்களின் பட்டியல்களைத் தானே துழாவி எடுத்து ஒரே பக்கத்தில் காட்டியது. யாஹூவில் கிடக்கும் கேமராவும் ஈபேயில் கிடக்கும் கேமராவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், வாங்குபவருக்குத் தளம் எதுவானால் என்ன? அது பரவியிருந்தால் ஈபேயின் கூட்டம் ஈபேக்கு மட்டும் சொந்தமாக இருந்திருக்காது. தினமும் ஏறத்தாழ 1 லட்சம் முறை எங்கள் கணினிகளைத் தட்டுகிறார்கள் என்று ஈபே வழக்குப் போட்டது. அனுமதியில்லாமல் அடுத்தவர் உடைமையில் கைவைப்பது என்ற பழங்காலச் சட்டக் கோட்பாட்டைக் கொண்டு, 2000 மே மாதம் நீதிபதி ரொனால்ட் வைட் தடை விதித்தார்.

திட்டிக்கொண்டே தங்கியவர்கள்

போட்டியில்லாத இடத்தில் கட்டணம் எந்தப் பக்கம் போகும்? 2002-இல் ஈபே, தன் தளத்தில் பணப் பரிமாற்றத்துக்குப் பெரிதும் பயன்பட்டுவந்த பேபாலையும் 150 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கிக்கொண்டது. அதன்பின் விற்பனையாளரின் பணம் ஒரே முதலாளியின் இரண்டு கல்லாக்களைக் கடந்துதான் கைக்கு வந்தது. அந்நாட்களில் ஒரு பழைய புத்தகத்தை 9.99 டாலர் ஆரம்ப விலை வைத்து 10 டாலருக்கு விற்றால், பட்டியலிட 35 சென்ட், விற்றதற்கு 5.25 சதவீதமாக 52 சென்ட் சொச்சம், பேபாலுக்கு 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். ஆகமொத்தம் ஒன்றரை டாலருக்குச் சற்றுக் குறைவு. பொட்டலத்துக்கான அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா, நடையாய் நடந்தது எல்லாம் விற்பவர் கணக்கு.

2005 ஜனவரியில், ஈபேக்குள் தனிக்கடை வைத்திருப்பவர்களுக்கு அடுத்த இடி. மாத வாடகை 9.95 டாலரிலிருந்து 15.95. கடையில் விற்கும் பொருளுக்குக் கமிஷன் 5.25-இலிருந்து 8 சதவீதம். விற்பனையாளர்கள் கொதித்தார்கள். 'ஃபீபே', 'கிரீட்பே' என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்தார்கள். ஈபேயின் வட அமெரிக்கத் தலைவர் பில் காப் சமாதானம் சொல்லி, சின்னப் பொருட்களுக்கான பட்டியல் கட்டணத்தில் 5 சென்ட் குறைத்தார். கமிஷன் உயர்வு அப்படியே நின்றது.

கோபக்காரர்களை அள்ளிக்கொள்ள ஆள் இல்லாமலில்லை. யூட்டாவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2004 செப்டம்பரிலேயே ஈபேயைவிட 30 சதவீதம் குறைந்த கட்டணத்தில் ஏலக்கடை விரித்திருந்தது. யாஹூவும் 2005 ஜூனில் மறுபடி எல்லாவற்றையும் இலவசமாக்கியது. அப்போதும் வாங்குபவர்கள் நகரவில்லை, ஆகவே விற்பவர்களும் நகர முடியவில்லை. யாஹூ அமெரிக்க ஏலத் தளத்தை 2007 ஜூனில் மூடியது. ஓவர்ஸ்டாக் ஏலம் 2011 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

2008 பிப்ரவரியில் விற்பனையாளர்கள் ஒரு வாரம் சரக்குப் போடாமல் புறக்கணிப்பு நடத்தினார்கள். அந்த முறை ஈபே பட்டியல் கட்டணத்தைக் குறைத்து, முதல் 25 டாலருக்கான கமிஷனை 5.25-இலிருந்து 8.75 சதவீதமாக்கியிருந்தது. போதாததற்கு, விற்பவர் இனி வாங்குபவருக்கு மோசமான மதிப்பெண் போட முடியாது என்றும் விதி. வாங்குபவர்தான் கிடைத்தற்கரிய சரக்கு, விற்பவர் தானாக வருவார் என்று நிர்வாகம் வெளிப்படையாகவே முடிவுகட்டிவிட்டது. வாரம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

இலவசம் ஜெயித்த இடங்கள்

அப்படியானால் இலவசம் எங்குமே ஜெயிக்காதா? ஜெயித்தது, கூட்டம் இன்னும் யார் பக்கமும் சேர்ந்திராத இடங்களில். ஜப்பானில் யாஹூ ஜப்பான் 1999 செப்டம்பரில் இலவச ஏலத்தைத் தொடங்கிவிட்டது. சில மாதம் கழித்துக் கமிஷனோடு வந்த ஈபே, 2002 மார்ச்சில் கடையைக் கட்டியது. போட்டி தளர்ந்த சமயத்திலேயே யாஹூ ஜப்பான் 2001-இல் மாதச் சந்தாவையும், 2002-இல் 3 சதவீதக் கமிஷனையும் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் கட்டணம் விதித்துக் கையைச் சுட்டுக்கொண்ட அதே பெயர், ஜப்பானில் கட்டணம் விதித்தும் கலையாத கூட்டத்தை வைத்திருந்தது.

சீனாவின் கதைக்கு மசாலா அதிகம். ஷாங்காயில் 1999-இல் தொடங்கிய ஈச்நெட் என்ற ஏலத் தளத்தை, ஈபே முதலில் 3 கோடி டாலருக்கு மூன்றில் ஒரு பங்கும், 2003 ஜூனில் இன்னொரு 15 கோடிக்கு மீதியும் வாங்கியது. அதற்குச் சற்று முன்பு, மே மாதம், சார்ஸ் பீதியில் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, ஹாங்சோவில் ஜாக் மாவின் அலிபாபா 'தாவ்பாவ்' என்ற தளத்தைத் திறந்தது. மூன்று ஆண்டுக்கு எல்லாமே இலவசம். ஈபே கடலின் சுறா என்றால் நான் யாங்சி ஆற்றின் முதலை என்று ஜாக் மா வசனம் பேசினார். வசனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சண்டை வசனத்தாலோ, இலவசத்தால் மட்டுமோ முடியவில்லை.

கமிஷன் வாங்குகிற தளத்துக்கு ஓயாத பயம் ஒன்று உண்டு. விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகப் பேசிக்கொண்டால், வெளியிலேயே வியாபாரத்தை முடித்துவிட்டுக் கமிஷனுக்கு டிமிக்கி கொடுத்துவிடுவார்களே! இலவசத் தளத்துக்கு அந்தப் பயமே கிடையாது. தாவ்பாவ் இரு தரப்பும் உடனுக்குடன் பேசிக்கொள்ள ஓர் அரட்டைச் செயலியைக் கொடுத்தது. பேரம் பேசாமல் வாங்கினால் தூக்கம் வராத மக்களுக்கு அது போதாதா? பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் அலிபேயையும் சேர்த்தது. ஈபேயோ 2004-இல் சீனத் தளத்தைத் தன் உலகளாவிய அமைப்புக்கு மாற்றியது. பழகிய தளம் மாறி, வேகம் குறைந்து, வந்துகொண்டிருந்தவர்களும் விலகினார்கள். 2005 அக்டோபரில் தாவ்பாவ் இன்னும் மூன்று ஆண்டு இலவசம் என்றபோது, இலவசம் என்பதெல்லாம் ஒரு தொழில் முறையா என்ற தொனியில் ஈபே அறிக்கை விட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சீனத் தளத்தைக் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது.

ஈபேயின் கேள்வி நியாயமானதுதான். தாவ்பாவ் எப்படிச் சம்பாதிக்கும்? 2006 மே மாதம், பணம் கட்டினால் தேடலில் முன்வரிசை என்று ஒரு திட்டம் வந்தது. இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு இப்போது ஏலம் போடுகிறார்களே என்று விற்பனையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தித் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் யோசனை சாகவில்லை. லட்சக்கணக்கான கடைகள் ஒரே தெருவில் இருந்தால், கடை வைப்பது இலவசமாக இருந்தென்ன, கண்ணில் படுவதற்குக் காசு வேண்டும். பின்னாளில் விளம்பரமே தாவ்பாவின் பெரிய வருமானமானது.

2011 அக்டோபரில் அலிபாபா தன் பெரிய கடைகளுக்கான தளத்தில் 6,000 யுவானாக இருந்த ஆண்டுக் கட்டணத்தை 30,000, 60,000 என்று ஏற்றியது. முன்வைப்புத் தொகை ஒன்றரை லட்சம் யுவான்வரை போனது. சின்ன விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் திரண்டு, பெரிய கடைகளில் கூட்டமாகப் பொருள் வாங்குவது, மோசமான மதிப்பெண் போடுவது, பொருளைத் திருப்பி அனுப்புவது என்று அந்தக் கடைகளைத் திணறடித்தார்கள். வணிக அமைச்சகம் தலையிட்ட பிறகு, ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கட்டண உயர்வு தள்ளிவைக்கப்பட்டது. ஈபேயை விரட்டிய முதலையும் சுங்கச்சாவடியில்தான் வந்து உட்கார்ந்தது.

இந்தியாவில் ஏலக் கதை சுருக்கம். 2004-இல் பாஸி தளத்தைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி வந்த ஈபே, 2017-இல் இந்தியக் கடையை ஃபிளிப்கார்ட்டிடம் கொடுத்தது. 2018 ஆகஸ்ட்டில் அது மூடப்பட்டது. கமிஷன் சண்டை மட்டும் வேறு முகங்களோடு தொடர்கிறது. 2021-இல் மீஷோ பூஜ்ய கமிஷன் என்றது, விளம்பரத்திலும் சரக்குப் போக்குவரத்திலும் சம்பாதித்தது. 2025 ஏப்ரலில் அமேசான் இந்தியா, 300 ரூபாய்க்குக் குறைவான பல பொருட்களுக்குப் பரிந்துரைக் கட்டணம் என்ற கமிஷனை நீக்கியது. பிடர்ஸ் எட்ஜ் கொல்லைப்புறமாக நுழைந்து செய்யப் பார்த்ததை அரசு ஆதரவோடு முன்வாசலில் செய்ய வந்தது ஓஎன்டிசி. ஒரு செயலியில் பதிந்த விற்பனையாளர் மற்ற செயலிகளிலும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 2022 ஏப்ரலில் சோதனைக்குத் தேர்ந்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. இதில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் அரைகுறை நம்பிக்கைதான். பட்டியலைப் பகிர்ந்துவிடலாம். பொருள் உடைந்து வந்தால் யாரிடம் சண்டை போடுவது என்ற பழக்கத்தை ஒரே நாளில் பகிர முடியாது.

ஈபேயின் கட்டணத்தைக் கடைசியில் அசைத்தவர்கள் ஏலக்காரர்களே அல்ல, பழைய துணிக்காரர்கள். லிதுவேனியாவில் 2008-இல் தொடங்கிய வின்டட், 2016-இல் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, விற்பவரிடம் வாங்குவதை நிறுத்தியது. 'பாதுகாப்புக் கட்டணம்' என்ற பெயரில் வாங்குபவரிடம் வாங்கியது. அலமாரியில் கிடக்கும் சட்டையை விற்கிறவருக்கு 10 சதவீதம் கொடுக்க வலிக்கும். 8 யூரோவுக்குச் சட்டை கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவருக்கு இன்னொரு யூரோ அவ்வளவாக உறைக்காது. ஐரோப்பா முழுக்கச் சரக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஈபே 2023 மார்ச்சில் ஜெர்மனியிலும், 2024 அக்டோபரில் பிரிட்டனிலும் தனிநபர் விற்பனையாளர்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது. பிரிட்டனில் சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. 2025 பிப்ரவரியில் வாங்குபவர் தலையில் ஒரு கட்டணம் ஏறியது.

சுமையை இப்படித் தோள் மாற்றினால் எங்கும் எடுபடும் என்று அமெரிக்காவில் நினைத்தது ஜப்பானியத் தளமான மெர்காரி. 2024 மார்ச்சில் விற்பவருக்கான கட்டணத்தை முழுக்க நீக்கி, வாங்குபவரிடம் திருப்பிவிட்டது. விற்பவர்கள் கைதட்டினார்கள். வாங்குகிறவர்கள் கடைசித் திரையில் ஏறியிருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு, அதே பொருளை வேறு தளத்தில் தேடப் போனார்கள். பத்தே மாதத்தில், 2025 ஜனவரியில், விற்பவரிடம் 10 சதவீதம் என்ற பழைய பலகை மறுபடி மாட்டப்பட்டது. இத்தனைக்கும் தாய்நாடான ஜப்பானில் அதே மெர்காரி 2014 முதல் விற்பவரிடம் அந்த 10 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தது.